ஈப்பர் நகருக்கு வடகிழக்கிலிருந்து வரும் காற்று

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், வடகடலின் கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே, பிரான்ஸ் நாட்டின் எல்லைக்கு அருகில் அமைந்துள்ள ஈப்பர், ஏறத்தாழ 35,000 பேர் வாழும் சிறு நகரமாகும். டச்சு மொழி வழங்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மேற்கு மாகாணத்தைச் சேர்ந்த இந்நகரைச் சுற்றி உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் வயல்களும், இடையிடையே மேய்ச்சல் நிலங்களும் கால்நடைப் பண்ணைகளும் பரந்து கிடக்கின்றன. புகைபோக்கிகள் நிறைந்த பெருந்தொழில் நகரமாக இல்லாத காரணத்தால், இங்கே காற்று ஆண்டு முழுவதும் தூய்மையாகவே இருக்கும் என்று வெளியூர்க்காரர் எண்ணுவது இயல்பு. ஆனால் மார்ச் மாதத்தின் சில நாள்களில், வானம் தெளிந்து வெயில் இதமாக அடிக்கும்போதே, இத்தகைய சிறு நகரங்களின் காற்றில் கலந்திருக்கும் நுண்துகளின் அளவு ஆண்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் போன்ற பெருநகரங்களின் அளவுக்குச் சமமாக உயர்ந்துவிடுகிறது. அங்கே வாழ்வோர் எந்த நாளில் எதைச் சுவாசிக்கின்றனர் என்பதைக் காற்றின் திசையும், பருவமும், பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலங்களில் நடக்கும் வேலைகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. நகராட்சிக்கு அதில் உள்ள பங்கு சிறிது.

ஃபிளாண்டர்ஸ் பெரும்பாலும் சமவெளி. ஈப்பருக்குத் தென்மேற்கே உள்ள கெம்மல்பெர்க் குன்றின் உயரம் 156 மீட்டர்தான் என்றாலும், அந்த மாகாணத்தில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. மறித்து நிற்க மலை ஏதும் இல்லாத இந்நிலப்பரப்பில் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து புறப்படும் தாழ்வழுத்த மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதால், ஆண்டின் பெரும்பகுதியில் தென்மேற்குக் காற்றே வீசுகிறது; அதனுடன் மேகமும் தூறலும் வருகின்றன. நாட்டின் வானிலை ஆய்வுக் கழகம் அமைந்திருக்கும் உக்கல் என்ற இடத்தில் 1991 முதல் 2020 வரை எடுக்கப்பட்ட அளவீடுகளின்படி ஆண்டின் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ், சராசரி மழையளவு ஏறத்தாழ 837 மில்லிமீட்டர். இந்த மழை பருவமழையைப் போல ஓரிரு மாதங்களில் கொட்டித் தீர்ப்பதன்று; எல்லா மாதங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தாற்போல், ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள்களில் சிறிது சிறிதாகப் பெய்வது. மக்கள் சலித்துக்கொள்ளும் இந்த ஈர வானிலைதான் காற்றைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கடலைக் கடந்து வரும் காற்றில் கலந்து வரும் உப்புத்துகள்கள், புயல் வீசும் குளிர்கால நாள்களில் துகளின் மொத்த அளவைச் சற்று உயர்த்திக் காட்டினாலும், அவை இயற்கையானவை, தீங்கு குறைந்தவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் அவற்றைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருகின்றன.

ஸ்காண்டிநேவியாவின் மீதோ வடகடலின் மீதோ உயரழுத்த மண்டலம் ஒன்று வந்து நிலைகொண்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. உயரழுத்தம் என்பது மேலிருந்து காற்று மெல்லக் கீழிறங்கும் நிலை. மேகம் கலையும், மழை நிற்கும், காற்றின் வேகம் தளரும், திசை வடகிழக்குக்கோ கிழக்குக்கோ திரும்பும். அவ்வாறு வரும் காற்று ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியையும் நெதர்லாந்தின் தென்பகுதியையும் ஆண்ட்வெர்ப், கென்ட் துறைமுகங்களையும் தொட்டு, கடைசியாக டீல்ட், ரூசலாரா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளின் மீது தவழ்ந்து ஈப்பரை அடைகிறது. வழியில் சேர்ந்ததை எல்லாம் கழுவ மழை இல்லை, சிதறடிக்க வேகமும் இல்லை.

காற்றின் திசையைப் பற்றி இந்நகரம் அறிந்துள்ள அளவுக்கு வேறு நகரம் அறிந்திருக்குமா என்பது ஐயமே. முதல் உலகப் போரில் ஈப்பரைச் சுற்றி அரைவட்டமாக அமைந்திருந்த போர்முனையில், 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மானியப் படை குளோரின் வாயு நிரப்பிய உருளைகளை முதலில் நகரின் தென்கிழக்கில் புதைத்து வைத்துக் காத்திருந்தது. தென்மேற்குக் காற்றே மிகுதியாக வீசும் நாட்டில் வாயுவைத் திறந்துவிட்டால் அது திறந்தவர்களின் மீதே திரும்பும். ஆகவே ஏற்ற காற்று வாராமல் நாள்கள் கழிந்தபோது, உருளைகளில் பெரும்பகுதி நகரின் வடக்கே, லாங்கமார்க் பக்கம் மாற்றப்பட்டன. ஏப்ரல் 22 அன்று மாலை ஐந்து மணியளவில் வடக்கிலிருந்து மெல்லிய காற்று எழுந்தவுடன் 5,700-க்கும் மேற்பட்ட உருளைகள் திறக்கப்பட்டன. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான குளோரின், தரையை ஒட்டியே ஊர்ந்து பதுங்குகுழிகளில் இறங்கித் தேங்கி, எதிர்முனையில் இருந்த பிரெஞ்சு, அல்ஜீரியப் படைவீரர்களை மூச்சடைக்கச் செய்தது. நான்கு நாள்கள் கழித்து அதே களத்தில் எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட இந்தியாவின் லாகூர் படைப்பிரிவும் வாயுவை எதிர்கொண்டது. கல்லறை அறியப்படாத இந்திய வீரர்களின் பெயர்கள் 1927-இல் ஈப்பரில் திறக்கப்பட்ட மேனன் வாயில் நினைவுச்சின்னத்தின் சுவர்களில் இன்றும் உள்ளன. அந்நிகழ்ச்சிக்குப் பிறகே பிரிட்டிஷ் படை தனக்கென ஒரு வானிலைப் பிரிவை அமைத்தது. 1917 ஆகஸ்ட் மாதத்தில் ஈப்பரை அடுத்த ஃபிளாமர்ட்டிங்க என்ற ஊரில் 127 மில்லிமீட்டர் மழை பதிவானது என்பதும், களிமண் நிலத்தில் தேங்கிய அந்நீரில் பாஷண்டேல் போர் சேற்றில் புதைந்தது என்பதும் அந்தப் பிரிவின் அளவீடுகளிலிருந்தே தெரிய வருகின்றன.

அன்று வாயுவைச் சுமந்து வந்த ஏறத்தாழ அதே திசைக் காற்றுதான் இன்று நுண்துகளைச் சுமந்து வருகிறது. நுண்துகள் என்பது காற்றில் மிதக்கும் மிகச் சிறிய திட, திரவத் துகள்களைக் குறிக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் மைக்ரோமீட்டர் என்ற அளவில், 10-க்கு உட்பட்ட விட்டம் கொண்டவை ஒரு வகையாகவும், 2.5-க்கு உட்பட்டவை தனி வகையாகவும் அளக்கப்படுகின்றன. இரண்டாவது வகையே கூடுதல் தீங்கானது. அது மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று, அதிலும் மிகச் சிறியவை குருதியிலும் கலந்து, இதயத்தையும் மூளையின் குருதிக்குழாய்களையும் பாதிக்கிறது. இத்துகள் எங்கிருந்து வருகிறது என்பது பருவத்துக்குப் பருவம் வேறுபடுகிறது.

குளிர்காலத்தில் முதன்மையான ஊற்று வீட்டு அடுப்பு. ஃபிளாண்டர்ஸ் மக்களில் பலர் எரிவாயுவால் இயங்கும் வெப்பமூட்டி இருந்தும், மாலை நேரக் கதகதப்புக்காக விறகு அடுப்பையோ திறந்த கணப்பையோ மூட்டுகின்றனர். விறகு இயற்கையானது, ஆகவே அதன் புகையும் தீங்கற்றது என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் அப்பகுதி முழுவதிலும் நேரடியாகக் காற்றில் விடப்படும் 2.5 மைக்ரோமீட்டர் வகைத் துகள்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாதது விறகிலிருந்தே வருகிறது. காற்றோட்டமில்லாத பனிக்கால இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிட, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்றடுக்கு படிந்துவிடுகிறது. வெப்பத் தலைகீழ் மாற்றம் எனப்படும் இந்நிலையில், மூடியிட்ட பானைக்குள் ஆவி சுற்றுவதைப் போலத் தெருவின் புகை தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதன் கொடிய வடிவத்தை பெல்ஜியம் முன்பே கண்டிருக்கிறது. 1930 டிசம்பர் தொடக்கத்தில், நாட்டின் கிழக்கே தொழிற்சாலைகள் நிறைந்த மியூஸ் பள்ளத்தாக்கில் சில நாள்கள் நீடித்த மூடுபனியில் நச்சுப்புகை சிக்கிக்கொண்டதால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; காற்று மாசுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்றாகும். ஈப்பரைப் போன்ற சமவெளி நகரில் அத்தகைய பேரிடருக்கு வாய்ப்பில்லை. எனினும் சனவரி மாதத்தின் அசைவற்ற இரவொன்றில் ஒரே ஒரு வீட்டின் புகைபோக்கி, அண்டை வீட்டில் உறங்கும் ஆஸ்துமா நோயாளியின் இரவைக் குலைக்கப் போதுமானது. இதனால், புகை மேலெழும்பிச் செல்ல இயலாத நாள்களில் விறகு எரிக்க வேண்டாம் என்ற அறிவுரையை வானிலைக் கணிப்போடு சேர்த்தே அதிகாரிகள் வெளியிடுகின்றனர்.

வசந்தம் தொடங்கும்போது அடுப்புகள் அணைகின்றன. ஆனால் ஆண்டின் மிக மோசமான துகள் நாள்கள் சில அப்போதுதான் வருகின்றன. இதன் காரணத்தை வயல்களில் தேட வேண்டும். பெல்ஜியத்துப் பன்றிகளில் மிகப் பெரும்பான்மை ஃபிளாண்டர்ஸில்தான் வளர்க்கப்படுகின்றன. அவற்றிலும் பெருந்தொகை மேற்கு மாகாணத்தில் உள்ளது. கொட்டில்களின் துளையிட்ட தரைக்குக் கீழே உள்ள குழிகளில் சாணமும் சிறுநீரும் கலந்து குளிர்காலம் முழுவதும் சேர்கின்றன. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு இலையுதிர் காலம் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை அவற்றை வயலில் இட விதி இடம் தருவதில்லை. தடைக்காலம் முடிந்து, மண்ணும் சற்று உலர்ந்தவுடன், நிரம்பிய குழிகளைக் காலி செய்ய வேண்டிய கட்டாயத்தில் எல்லாப் பண்ணைகளும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் களமிறங்குகின்றன. பெருஞ்சக்கரங்கள் பூட்டிய தொட்டி வண்டியை டிராக்டர் இழுத்துச் செல்ல, பின்புறம் விரிந்திருக்கும் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்ட கூரிய பற்கள் மண்ணைக் கீறிக்கொண்டே போக, ஒவ்வொரு கீறலுக்குள்ளும் தடித்த குழாய் ஒன்று கரும்பழுப்பு நிறக் குழம்பை இறக்குகிறது. மேலே தெளித்துவிடுவதைக் காட்டிலும் மண்ணுக்குள் செலுத்துவதால் காற்றில் கலப்பது வெகுவாகக் குறைகிறது என்றாலும், முற்றிலும் நின்றுவிடுவதில்லை.

காற்றில் கலப்பது அம்மோனியா என்ற வாயு. சிறுநீரில் உள்ள யூரியாவைச் சாணத்தில் உள்ள நொதி சிதைக்கும்போது அது உண்டாகிறது. ஃபிளாண்டர்ஸில் வெளியாகும் அம்மோனியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேளாண்மையிலிருந்து வருவதே. அம்மோனியா தானாகத் துகள் அன்று. ஆனால் வாகனங்களும் ஆலைகளும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் நைட்ரிக் அமிலமாக மாறியிருக்கும் நிலையில் அதனோடு அம்மோனியா சேரும்போது, இரு வாயுக்களும் இணைந்து அம்மோனியம் நைட்ரேட் என்ற நுண்ணிய உப்பாகிவிடுகின்றன. நகரத்து வாகனப் புகையும் நாட்டுப்புறத்துச் சாணக்குழியும் இவ்வாறு காற்றில் கைகோத்துக்கொள்கின்றன என்பதே இச்செய்தியின் சாரம். இருவரில் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வோர் பாதியைத்தான் சொல்கின்றனர். குளிர்ந்த, ஈரப்பதம் மிக்க காற்றில் இந்த உப்பு நிலைத்து நிற்கும், வெப்பம் மிகுந்தால் மீண்டும் வாயுவாகக் கலைந்துவிடும். ஆகவேதான் கோடையிலும் எரு இடப்பட்டாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களே துகளுக்கு உரிய காலமாகின்றன. 2020 வசந்தத்தில் கொரோனா ஊரடங்கால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தபோது, வாகனப் புகையின் அடையாளமான நைட்ரஜன் டை ஆக்சைடு தெளிவாகக் குறைந்தது, நுண்துகளோ அதே அளவுக்குக் குறையவில்லை. சாலை ஓய்ந்தாலும் வயல் ஓயவில்லை என்பதை எந்த ஆய்வகமும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாத அந்தச் சோதனை காட்டிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகூராமல் இருக்க முடியாது. 1915-இல் ஈப்பரின் வடக்கே குளோரின் தாக்குதலை முன்னின்று நடத்திய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர்தான், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியாவைச் செயற்கையாக உருவாக்கும் வழியைக் கண்டவர். அதற்காகவே 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அந்த வழியில் பிறந்த உரமே தானியங்களைப் பெருக்கியது. பெருகிய தானியமே இவ்வளவு பன்றிகளுக்குத் தீவனமாக முடிந்தது. கோடிக்கணக்கானோருக்கு உணவளித்த கண்டுபிடிப்பு அது என்பதை மறுக்க முடியாது. அதன் உபரி இன்று அதே ஊரின் காற்றில் மிதக்கிறது என்பதையும் மறைக்க முடியாது.

ஏப்ரல் மாதத்தில் பிர்ச் மரங்களும், மே இறுதியிலிருந்து சூலை வரை புல்வெளிகளும் மகரந்தத்தை உதிர்க்கின்றன. துகளால் முன்பே எரிச்சலுற்றிருக்கும் மூச்சுக்குழாய்களில் மகரந்தமும் சேரும்போது ஒவ்வாமை கடுமையாகிறது. பிர்ச் பூக்கும் காலமும் நைட்ரேட் காலமும் ஒன்றின்மீது ஒன்று படிவது ஒவ்வாமை உடையோர்க்கு நேரும் கேடு.

கோடையில் வேறொரு மாசு தலைதூக்குகிறது. வானத்தின் உயரத்தில் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் உண்டானால் நுரையீரலை எரிக்கும் வாயுவாகும். அதை எந்தப் புகைபோக்கியும் நேரடியாக வெளிவிடுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், கரைப்பான்கள், மரங்கள் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் கடும் வெயிலில் வினைபுரிவதால் அது உருவாகிறது. பெருநகரத்தின் நெரிசல் மிக்க சாலைகளில் புதிதாக வெளியாகும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை உடனுக்குடன் அழித்துவிடுகிறது. அத்தகைய நெரிசல் இல்லாத நாட்டுப்புறத்திலும் சிறு நகரங்களிலும் அழிக்க ஆளின்றி அது தங்கிவிடுகிறது. இதன் விளைவாக வெப்ப நாள்களில் ஈப்பர் போன்ற ஊர்களின் ஓசோன் அளவு பிரஸ்ஸல்ஸின் மையத்தைவிட மிகுந்திருக்கக் கூடும். மணிச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 180 மைக்ரோகிராமைத் தாண்டினால் மக்களுக்கு அறிவிக்க வேண்டும், 240-ஐத் தாண்டினால் எச்சரிக்கை விட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 2019 சூலை 25 அன்று ஃபிளாண்டர்ஸின் பெகைனன்டைக் என்ற சிற்றூரில் பெல்ஜியத்தின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த 41.8 டிகிரி வெப்பம் பதிவானது. அத்தகைய வெப்ப அலைகள் பெருகப் பெருக ஓசோன் நாள்களும் பெருகும். மனிதரை மட்டுமன்றி, வறுவலுக்குப் பெயர்போன பின்ட்யே உருளைக்கிழங்கின் இலைகளையும் ஓசோன் கருக்குகிறது என்பதால், இம்மாசினால் உழவரும் இழப்புக்கு உள்ளாகின்றனர். இலையுதிர் காலம் வந்து மேற்குக் காற்று மீண்டும் நிலைபெறும்போது நிலைமை தணிகிறது. அறுவடைப் புழுதியைத் தவிரக் கவலைக்குரியது அப்போது அதிகமில்லை.

இவை யாவும் வெளியிலிருந்து வருபவை. ஊருக்குள்ளேயே பிறக்கும் மாசும் உண்டு. போரில் தரைமட்டமான ஈப்பர், பழைய வரைபடத்தின்படியே, பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. அதன் புகழ்பெற்ற துணி மண்டபத்தின் மறுசீரமைப்பு 1967-இல்தான் முடிவுற்றது. வண்டிகளுக்கும் கால்நடையாகச் செல்வோருக்குமாக வகுக்கப்பட்ட இடைக்காலத் தெருக்களில், இருபுறமும் இடைவெளியின்றி ஒட்டிநிற்கும் வீடுகளுக்கு நடுவே இன்று டீசல் வாகனங்கள் செல்கின்றன. இவ்வாறு சுவர்களால் அடைபட்ட தெருக்களைக் காற்றியல் அறிஞர்கள் தெருப்பள்ளத்தாக்கு என்கின்றனர். கூரைக்கு மேலே காற்று வீசினாலும் உள்ளே அது சுழன்று திரும்புவதால் புகை வெளியேற வழியில்லை. 2018 மே மாதத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகமும் ஃபிளாண்டர்ஸ் சுற்றுச்சூழல் முகமையும் ஒரு நாளிதழும் இணைந்து நடத்திய பெரும் ஆய்வில், 20,000 இடங்களில் குடிமக்களே தம் வீட்டின் தெருப்பக்கச் சன்னலில் நைட்ரஜன் டை ஆக்சைடை அளந்தனர். விற்பனைக்குள்ள வீட்டில் தொங்கவிடும் அறிவிப்புப் பலகையைப் போல மடிக்கப்பட்ட பலகையின் உட்புறத்தில், விரலளவே உள்ள இரண்டு நெகிழிக் குழாய்கள் கவிழ்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. நான்கு வாரங்கள் அவற்றில் வாயு மெல்லப் படிந்தது. அப்போதைய வரம்பான 40 மைக்ரோகிராமைத் தாண்டிய இடங்கள் 2.3 விழுக்காடு. பெருநகரங்களில் மட்டுமன்றி, சிற்றூர்களின் குறுகிய கடைத்தெருக்களிலும் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டன என்பதே அந்த ஆய்வு தந்த மிகப் பெரிய வியப்பு. ஊரின் சராசரி நன்றாக இருக்கலாம், அதே ஊரின் ஒரு தெருவில் குழந்தை சுவாசிக்கும் காற்று நன்றாக இல்லாமலும் இருக்கலாம்.

கடந்த இருபது ஆண்டுகளில் ஃபிளாண்டர்ஸின் காற்று கணிசமாகத் தேறியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எனினும் அளவுகோலும் கடுமையாகியுள்ளது. 2.5 மைக்ரோமீட்டர் துகளுக்கான ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய புதிய நெறிமுறை, இதுவரை 25 ஆக இருந்த வரம்பை 2030-க்குள் 10 ஆகவும், நைட்ரஜன் டை ஆக்சைடின் வரம்பை 40-இலிருந்து 20 ஆகவும் குறைக்கிறது. தெருவைப் பொறுத்தமட்டில் ஈப்பர் நகராட்சியால் செய்யக்கூடியவை உண்டு: கடைத்தெருவில் வாகனங்களைக் குறைக்கலாம், விறகடுப்பைப் பற்றி மக்களிடம் எடுத்துச் சொல்லலாம். மார்ச் மாதத்துக் காற்றைப் பொறுத்தமட்டில் அதனால் இயல்வது மிகக் குறைவு. தென்மேற்குக் காற்று வீசும் நாள்களில் மேற்கு ஃபிளாண்டர்ஸின் அம்மோனியா நெதர்லாந்துக்குச் செல்கிறது, வடகிழக்குக் காற்றில் நெதர்லாந்தின் அம்மோனியா இங்கே வருகிறது. ஆகவே நாடுகள் கூடி முடிவெடுத்தாலன்றி இதற்குத் தீர்வில்லை. ஃபிளாண்டர்ஸ் நாடாளுமன்றம் 2024 சனவரியில் நீண்ட இழுபறிக்குப் பின் நிறைவேற்றிய, நைட்ரஜன் மாசைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எதிர்த்த உழவர்கள், கடன்பட்டுக் கட்டிய கொட்டில்களை மூடச் சொல்வது எந்த நியாயம் என்று கேட்டனர். அக்கேள்வியில் உண்மை இருக்கிறது, அதற்கு இழப்பீட்டின் வழியாகத்தான் விடை சொல்ல முடியும். ஆனால் 2005-ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு, 2030 முதல் நைட்ரஜன் ஆக்சைடுகளை 59 விழுக்காடு குறைக்க ஒப்புக்கொண்டுள்ள பெல்ஜியம், அம்மோனியாவைக் குறைக்க ஏற்றுக்கொண்டிருப்பது 13 விழுக்காடு மட்டுமே. வாகனத்திடம் கேட்ட அளவுக்குக் கொட்டிலிடம் கேட்காத இந்த ஏற்பாடு நீடிக்கும் வரை, வசந்தத்தின் தெளிந்த வானத்தின் கீழே வடகிழக்குக் காற்று ஈப்பருக்குக் கொண்டுவருவதில் பெரிய மாற்றம் இராது.